சும்மா போகிற சைக்கிள்

மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை எங்கேயாவது அடித்தால், நாளைக்கு அமாவாசை என்று என் மூக்கு இன்றைக்கும் நம்புகிறது. அமாவாசைக்கு அமாவாசைதான் அப்பா வேலை செய்த அரிசி மில்லுக்கு விடுமுறை. ஆரணியில் தறிக்காரர்களும் அன்றைக்குத் தறியில் உட்காரமாட்டார்கள் என்பதால், அவர்கள் வீட்டுக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொடுக்கப் போகிற அம்மாவும் வீட்டில் இருப்பாள். முந்தின நாள் சாயங்காலம், மில் களத்தில் நாள் முழுக்கப் புழுக்கிய நெல்லைக் காலால் துழாவிவிட்டு வருகிற அப்பா, முகம்கூடக் கழுவாமல் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, விளக்குக்கு வைத்திருக்கும் மண்ணெண்ணெயில் பழைய துணியை நனைத்துச் செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைப்பார். துடைத்து முடித்ததும், அம்மா தலைக்குத் தடவ வாங்கி வைத்திருக்கும் எண்ணெயிலிருந்து நாலு சொட்டு செயினுக்குப் போகும். விளக்கும் அவிஞ்சிபோச்சு, தலையும் காஞ்சிபோச்சு, இந்த வண்டி மட்டும் மினுக்கிகினு நிக்குது என்று அம்மா மாதா மாதம் அதே வார்த்தைகளில் கத்துவாள்.

விடிந்ததும் கிளம்பிவிடுவோம். எங்கள் காலனி சேவூர் ஓரத்தில் இருந்தது. டவுனுக்குள் நுழைகிற நெசவுத் தெருக்களில் மற்ற நாள் காலைகளில் பாவு நீட்டியிருப்பார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூல் இழுத்துக் கட்டியிருக்கும், சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும், ஹேண்டில்பார் ஓர் இழையில் உரசினாலும் தெருவே சேர்ந்து திட்டும். அமாவாசை அன்று பாவு கிடையாது, தெரு முழுக்க எங்களுக்குத்தான். அந்தத் தெருவில் மட்டும் அப்பா வேண்டுமென்றே இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓட்டுவார். முன் "பாரில்" துண்டைச் சுற்றி அதன்மேல் உட்கார்ந்திருக்கும் நான் பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், அவர் சிரிப்பார். மில்லிலோ வீட்டிலோ அவரை நான் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

ஒரு மாதம் சேத்துப்பட்டு, ஒரு மாதம் தேசூர், ஒரு மாதம் பெயர் தெரியாத ஏதோ ஓர் ஏரிக்கரை என்று போவோம். போய் என்ன செய்வோம் என்று கேட்டால் ஒன்றும் செய்யமாட்டோம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்புவோம், அல்லது அப்பாவுக்கு மனசு வந்தால் வராத வழியே திரும்புவோம். இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் நல்ல நல்ல பெயர்கள் வைத்து, பனியன் அடித்து, படம் எடுத்துப் போடுகிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. வண்டி உருள உருள அவருக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழும், அவிழும்போது பக்கத்தில் நான் இருக்கவேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளில் என்னை மட்டும் ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்று கேட்டதற்கு, நீதான் பொழுதுக்கும் "இன்னும் எவ்ளோ தூரம்"னு கேக்கமாட்ட என்றார்.

ஆனால் எங்களை ஒருவரும் நிம்மதியாகப் போகவிட்டதில்லை. வழியில் யார் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இன்னா சேதி?" எங்கே போகிறீர்கள் என்றோ நல்லா இருக்கிறீர்களா என்றோ யாரும் கேட்டதில்லை. சேதி என்றால் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான், சாவுச் சேதி. ஊருக்குள் பெரிய வீடுகளில் யாராவது செத்துப்போனால், அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கிற அவர்கள் சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சொல்வது காலனிக்காரனின் வேலை. என் தாத்தா காலத்தில் நடந்து போனார்கள், பிறகு சைக்கிளில் போனார்கள். வேர்க்க விறுவிறுக்க மிதித்துக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே நின்று, துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "பெரியவர் தவறிட்டாருங்க" என்று சொல்லவேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் அழுவார்கள். சொன்னவன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் அவன் குவித்த கையில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். தபால் இருந்தது, தந்தி இருந்தது, பஸ் இருந்தது. இருந்தும் ஆள் போனால்தான் மரியாதை என்றார்கள். யாருக்கு மரியாதை என்று நான் கேட்கிறேன்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், எங்கள் தெரு ஆள் ஒருவன் தூரத்து ஊரில் சைக்கிளோடு தெரிந்தாலே எங்கேயோ ஒரு பிணம் கிடக்கிறது என்று அர்த்தமாகிவிட்டது. எங்கள் சொந்தக்காரர்களே அப்படித்தான் நினைத்தார்கள். தேசூரில் அப்பாவின் தங்கை இருந்தாள், எனக்கு அத்தை. நாங்கள் முதல்முறை அவள் வீட்டுக்குப் போனபோது, தெருக்கோடியில் திரும்பியதுமே ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். நாங்கள் வாசலில் இறங்குவதற்குள் அத்தை தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள், இரண்டு வீட்டுப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். யார் செத்தார்கள் என்று தெரியாமலேயே பாதி ஒப்பாரி போய்விட்டது. கடைசியில் அத்தையே நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு, யாருண்ணா, பெரியண்ணனா என்று கேட்டாள். அப்பா, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, உன்ன பாக்கலாம்னு வந்தேன் என்றார். நான் சிரித்துவிட்டேன். அத்தைக்கு வந்ததே கோபம்.

"சும்மா வர்றவன் பஸ்ல வரமாட்டியா? சைக்கிள் மிதிச்சிகினு வந்து வவுத்துல நெருப்ப கொட்டுற. அறிவு கீதா உனக்கு?" என்றாள்.

அப்போது சிரித்தேன், இப்போது நினைத்தால் எரிகிறது. தங்கை வீட்டுக்கு அண்ணன் வருவதைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்பட முடியாதபடி செய்து வைத்திருந்தார்களே, அதை நினைத்து எரிகிறது. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அத்தை ஓர் ஏற்பாடு சொன்னாள்: இனிமேல் வந்தால் தெருக்கோடியிலிருந்தே பெல் அடித்துக்கொண்டு வரவேண்டும், சாவு சொல்ல வருகிறவன் பெல் அடிக்கமாட்டான். அதன்பிறகு தேசூரில் பெல் அடிப்பது என் வேலையாயிற்று. கோடியில் திரும்பினதும் விடாமல் அடிப்பேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், நாங்கள் சும்மாதான் வருகிறோம் என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு போவோம். நாய்கள் குரைக்கும், பிள்ளைகள் பின்னால் ஓடி வரும், அத்தை வாசலில் நின்று "போதும் நிறுத்து, பேஜார் புடிச்சவளே" என்று கத்துவாள்.

சேத்துப்பட்டுச் சாலையில் ஓர் இடத்தில் மட்டும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக மிதிப்பார். அது அவர் பிறந்த ஊரின் பஸ் ஸ்டாப். அந்த ஊரை விட்டு அவர் ஆரணி மில் வேலைக்கு வந்துவிட்டார், அவர் தம்பி, என் சித்தப்பா, இன்னும் அங்கே காலனியில் இருந்துகொண்டு பெரிய வீட்டு நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். சித்தப்பாவைப் பார்க்கக்கூட அப்பா அந்த ஊருக்குள் சைக்கிளில் போகமாட்டார். ஏன் என்று நானும் கேட்டதில்லை.

எனக்குப் பதினோரு வயது நடக்கும்போது, யாரோ விற்ற பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று எனக்கு வந்தது. அப்பா அதற்குப் புது டயர் போட்டு, சீட்டை இறக்கி வைத்து, அடுத்த அமாவாசைக்குச் செஞ்சி போகலாம் என்றார். செஞ்சி என்றால் சேத்துப்பட்டையும் தாண்டி, அதுவரை நாங்கள் போகாத தூரம். என் சொந்தக் காலால் மிதித்துப் போய் அந்த மலையைத் தொட்டுவிட்டு வரவேண்டும். அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிற பெண் நம்பவில்லை, உங்கப்பாவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாள். வேலை இல்லை, சும்மாதான் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

செஞ்சிக்குக் கிளம்பிய அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவில் பெரிய வீட்டுப் பிள்ளை. அப்பாவைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவன். புது மோட்டார் சைக்கிள் ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு நின்றான், அதை நான் நன்றாகப் பார்த்தேன், ஏனென்றால் அதன் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. "டேய் ஏழுமலை, நில்றா" என்றான். அப்பா வேகத்தைக் குறைத்தார், பின்னால் வருகிற என்னைத் திரும்பிப் பார்த்தார், நின்றார்.

அவனுடைய பெரியப்பா விடியற்காலையில் செத்துப்போயிருந்தார். நல்ல நேரத்தில் வந்தாய் என்றான். சேத்துப்பட்டில் தன் அத்தை வீட்டில் ஜல்தியாகப் போய்ச் சொல்லிவிட்டு, அப்படியே தேசூரிலும் ஒரு வீடு இருக்கிறது, அங்கேயும் சொல்லிவிட்டு வந்துவிடு என்று, ஏதோ கடைக்கு அனுப்புகிறவன் மாதிரிச் சொன்னான். இழவு வீட்டுக்காரன் முகமாகவே அது இல்லை.

அப்பா சைக்கிளை விட்டு இறங்கினார், துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. "இல்லீங்க. நான் பொண்ண கூட்டிகினு செஞ்சிக்குப் போய்கினு கீறேன்" என்றார்.

"செஞ்சில இன்னா வேலை உனக்கு?"

"வேலை ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, நிஜமாகவே புரியாமல் பார்த்தான். அப்பா சொன்னதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, எதிர்த்துப் பேசின மாதிரியும் இல்லை. ஒரு காலனிக்காரன் வேலை இல்லாமல் இந்தச் சாலையில் போகமுடியும் என்பதுதான் அவன் மண்டையில் ஏறவில்லை. சும்மா போகிறவன் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டான். கேட்பதற்கு நியாயம் மாதிரிதான் இருக்கும், இந்த ஆட்களின் நியாயமெல்லாம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

அப்பா அந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பிறகு, "வண்டி வச்சிக்கினு கீறீங்களே. நீங்களே போய் சொல்லுங்க" என்றார்.

அவன் அப்பாவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு நாள் எரிந்திருக்காது என்று நினைக்கிறேன். சாவதானமாகக் குனிந்து உட்கார்ந்து, அப்பாவின் முன் சக்கரத்தில் காற்றடிக்கிற வாயைத் திருகினான், உள்ளே இருக்கிற ரப்பர்க் குழாயோடு பிடுங்கிச் சேற்று வயலில் எறிந்தான். பிறகு பின் சக்கரம். பிறகு என் சைக்கிளுக்கு வந்தான். நான் சீட்டிலிருந்து இறங்கவில்லை, நான் உட்கார்ந்திருக்கும்போதே காற்று போயிற்று, எனக்குக் கீழே வண்டி இறங்கிக்கொண்டே போனது. இரண்டு சக்கரத்தையும் முடித்துவிட்டு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "இப்ப போ சும்மா" என்றான்.

திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்பா சேத்துப்பட்டுப் பக்கமே நடந்தார். நானும் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன். காற்றில்லாத டயர் தார் ரோட்டில் தப் தப் என்று அடித்தது, வெயில் ஏறிவிட்டது, பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த நடையில்தான் அப்பா எனக்குச் சொன்னார், என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. தானும் சாவு சொல்லப் போனவன்தான் என்றார். மீசைகூட முளைக்காத வயதில் பெரிய வீட்டில் ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்து அனுப்பத் தொடங்கினார்களாம். தேசூர், வந்தவாசி, செஞ்சி என்று இந்தப் பக்கத்து ரோடெல்லாம் அவருக்குப் பழக்கமானதே பிணங்களால்தான். சொல்லிவிட்டு நிற்கும்போது, நானே கொன்னுட்டு வந்தா மாதிரி பாப்பாங்க என்றார்.

அப்புறம் எப்படிப்பா உனக்கு சைக்கிள் பிடிச்சுது என்று கேட்டேன்.

"போவும்போது அது அவுங்க சைக்கிளு. சொல்லி முடிச்சிட்டேன்னு வையி, திரும்பி வரும்போது அது என் சைக்கிளு. வரும்போது என்ன யாரும் எதிர்பாக்கமாட்டாங்க. அதனால சுத்து வழியில வருவேன். எந்த ஏரி கீது, எந்த மலை கீதுன்னு பாத்துகினே வருவேன். அதுல புடிச்சதுதான்."

எத்தனை பேர் எத்தனை விதமாகத் தங்கள் பிள்ளைகளிடம் தங்களுக்குப் பிடித்ததைக் கொடுத்திருப்பார்கள். என் அப்பா அதைத் திரும்பி வருகிற பாதி வழியிலிருந்து பிடுங்கி வந்து கொடுத்தார். எங்கள் அமாவாசைகளில் போகிற பாதியும் தனக்கே சொந்தமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அவர் அந்த பஸ் ஸ்டாப்பில் முடியாது என்றார், அது எனக்கு அன்றைக்கே புரிந்தது.

சேத்துப்பட்டில் ஒரு சைக்கிள் கடையில் நாலு சக்கரத்தையும் சரிசெய்து காற்று அடித்தார்கள். அப்பா எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துக் கடைக்குள் நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே ரோட்டோரம் நின்றார். நான் குடித்து முடித்து வந்தபோது மத்தியானம் திரும்பியிருந்தது. செஞ்சிக்குப் போனால் இருட்டுவதற்குள் வீடு வந்து சேரமுடியாது என்றார். வேறு வழியாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த வாரமே சித்தப்பா வந்தார். பெரிய வீட்டில் இனி நிலத்துப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்களாம். வாசலில் நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி, உன் சவாரிக்கு என் புள்ளைங்க வாயில மண்ணா என்று அப்பாவைக் கேட்டார். அம்மா அன்று அழவில்லை, கத்தவில்லை, வாய் ஓய்ந்துபோன குரலில், போதும்யா, விட்டுடு என்று மட்டும் சொன்னாள். அந்த அமாவாசையோடு அப்பா விட்டுவிட்டார். சைக்கிள் வீட்டுக்கும் மில்லுக்கும் மட்டும் போயிற்று. செயினில் துரு ஏறியது, அதை அவர் துடைக்கவில்லை. ஒரு மனிதனிடமிருந்து எதைப் பிடுங்கவேண்டும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது.

நான் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன், ஆசிரியை ஆனேன், இப்போது ஆரணியிலேயே ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா எங்களோடுதான் இருக்கிறார், முட்டி போய்விட்டது, அம்மா இல்லை. கொரோனா வந்து ரோடெல்லாம் காலியாகக் கிடந்தபோது, வீட்டுக்குள் அடைந்து கிடந்த என் மகள் யாழினியை ஒருநாள் விடியற்காலையில் சைக்கிளில் சேவூர் வரை கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது அவள் இன்னும் கொஞ்சம் போலாம்மா என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நாங்கள் நிற்கவில்லை. அவளுக்கு இப்போது பதினான்கு வயது, மேட்டில் என்னை முந்திக்கொண்டு போய் மேலே நின்று கையை ஆட்டுகிறாள்.

இப்போதும் ஆட்கள் சும்மா விடுவதில்லை. பெட்ரோலுக்குக் காசு இல்லையா டீச்சர் என்று கேட்கிறார்கள். வயசுக்கு வந்த பெண்ணை இப்படி வெயிலில் இழுத்துக்கொண்டு அலைந்தால் கறுத்துப்போவாளே என்று அக்கறைப்படுகிறார்கள். அவள் தோல், அவள் வெயில், உங்களுக்கென்ன என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன். இந்தச் சில்லறைப் பேச்சையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், போன மாதம் நடந்ததைத்தான் பொறுக்கமுடியவில்லை.

போன மாதம் யாழினியும் நானும் செஞ்சிக்குப் போனோம். மலையைத் தொட்டோம். திரும்பி வரும்போது சேத்துப்பட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில், ஒரே நிறப் பனியன் போட்ட சைக்கிள்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, நான் ஒரு மாதம் வாங்குகிற சம்பளத்தைவிட விலை அதிகமான வண்டிகள். அவர்களில் வயதான ஒருவர் எங்களைப் பார்த்ததும் கையை நீட்டி நிறுத்தினார். சூப்பர் பாப்பா என்று யாழினியின் தோளில் தட்டினார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்றார், செஞ்சி அங்கிள், சும்மாதான் என்று இவள் சொன்னாள். அதாம்மா வேணும், எனக்கு சுகர், டாக்டர் சொல்லித்தான் ஆரம்பிச்சேன், இப்ப சும்மா சுத்துறதுல இருக்கிற சுகம் எதுலயும் இல்ல என்று அவர் சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். அவன்தான்.

நான் யார் மகள் என்று சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஏழுமலையா, மில்லுல இருந்தாரே, நல்ல மனுஷன், நல்லா இருக்காரா, நான் விசாரிச்சதா சொல்லுங்க டீச்சர் என்றார். "ர்" போட்டுப் பேசினார். எங்கள் குரூப்பில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று போன் நம்பரைக் கேட்டார். நான் நம்பர் கொடுக்காமல் பெடலை மிதித்தேன், பின்னால் யாழினி ஸாரி அங்கிள் என்று சொல்வது கேட்டது. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது, ஒரு மனிதனின் ஆசையைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்துவிட்டு மறந்துபோய், இன்றைக்கு அதே ரோட்டில் அதே ஆசையைப் பனியன் போட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறான், அவனை யாரும் என்ன சேதி என்று கேட்பதில்லை. வீடு வரும்வரை இதையே மிதித்துக்கொண்டு வந்தேன்.

வந்ததும் யாழினி விடவில்லை. அவர் யாரும்மா, ஏன் அப்படி முறைச்ச என்றாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அதெல்லாம் எதுக்கு புள்ளைகிட்ட என்று நடுவில் அப்பா தடுத்தார், நான் நிறுத்தவில்லை. மோட்டார் சைக்கிளைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், சித்தப்பாவைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் அழுவாள் என்றோ ஆத்திரப்படுவாள் என்றோ நினைத்தேன். அவள் தாத்தாவின் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, அப்ப அந்த சேத்துப்பட்டு அத்தை வீட்டுக்கு யாருதான் போய் சொன்னாங்க?"

முப்பது வருடங்களாக நான் கோபப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா முட்டியைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அவனேதான் போனான். உங்கம்மா சோடா குடிச்சிகினு இருந்தா, நான் கடை வாசல்ல நின்னுகினு இருந்தேன். என்ன தாண்டித்தான் வண்டில போனான். அவனும் பாத்தான், நானும் பாத்தேன். அவனுக்கு மறக்காதும்மா" என்றார்.

பிறகு, கேட்காமலேயே மீதியையும் சொன்னார். அடுத்த வருடம் அந்தப் பெரிய வீட்டில் இன்னொரு சாவு விழுந்தபோது அந்த ஊர்க் காலனிக்கு ஆள் கேட்டு வந்தார்களாம். சித்தப்பா அப்போது பெரிய வீட்டை நம்பாமல் கட்டட வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் நின்று கத்திய அதே சித்தப்பாதான் எழுந்து நின்று, அன்னைக்கு நீங்களே போனீங்களே, வண்டி கீதே, இன்னைக்கும் போங்க என்று முதலில் சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு மற்றவர்களும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் சாவு சொல்லப் போகவில்லை. இதைச் சொல்லிவிட்டு அப்பா சிரித்தார்.

இன்றைக்கு அந்தப் பக்கத்தில் யாரும் சைக்கிளில் போய்ச் சாவு சொல்வதில்லை. யாராவது செத்தால் போனில் படம் வருகிறது, மாலை போட்ட படம், அடுத்த நிமிடம் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. தேசூரில் எங்கள் சைக்கிளைப் பார்த்து யாரும் அழுவதில்லை. அந்த வழக்கம் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். ஆனால் என் கூட வேலை செய்கிறவர்களிலிருந்து கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வரை எல்லாரும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால், காலம் மாறிப்போச்சு, செல்போன் வந்துச்சு, அதுவா நின்னுபோச்சு என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். இனிமேல் என் எதிரில் யாராவது அப்படிச் சொல்லட்டும். அப்பா பிறந்த ஊரில் அது செல்போன் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே நின்றுபோனது, என் அப்பா ஓர் அமாவாசை காலையில் முடியாது என்று சொன்னதால் நின்றுபோனது.